இடப்பக்கம் காணாமல் போன இலை

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து காரைக்குடி வீட்டுக்கு வந்த மறுநாள், வாழையிலையில் சாப்பிட ஆசைப்பட்டேன். எனக்கு வந்தது லேசான பக்கவாதம்தான். இடது கை கொஞ்சம் மரத்திருந்தது. மற்றபடி நடந்தேன், பேசினேன், வீட்டார் சலித்துக்கொள்ளும் அளவுக்கே பேசினேன்.

சாம்பார் சோற்றை முடிக்கும்போது கோபம் வந்துவிட்டது. உடம்பு சரியில்லாதவனுக்கு ஒரு கூட்டு, ஒரு அப்பளம்கூடக் கிடையாதா என்று மனைவியிடம் கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று அவள் முதலில் நினைத்தாளாம். என் முகத்தைப் பார்த்த பிறகு, குனிந்து இலையைத் தலைமாற்றித் திருப்பி வைத்தாள்.

உருளைக்கிழங்கு, பூசணிக்கூட்டு, அப்பளம், ஓரத்தில் கவுனி அரிசி இனிப்பு. எல்லாம் எங்கிருந்தோ வந்து குதித்தன.

"இதெல்லாம் எப்ப வச்ச?"

"மொதல்லயே வச்சதுதான். பாதி எலையத்தான் சாப்பிட்டிருக்கீக. மிச்சப் பாதி அங்குட்டு அப்படியே கெடந்துச்சு."

பயந்துதான் போனேன். ஆனாலும் கவுனி அரிசியை விடவில்லை.

மாலையில் ஊரிலேயே இருக்கும் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயதுக்காரர். மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் மூளையைத் தேங்காய்ச் சில்லுகளைப் போலப் பிரித்துக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் யோசித்து முடிவெடுப்பது. சொல்ல வேண்டாத பேச்சை அடக்கி வைப்பதும் அதுதான். காதோரத்துப் பொட்டு மடல், கேட்பதைப் புரிந்துகொண்டு ஞாபகத்தில் வைக்கிறது. பார்வைக்குப் பின்தலையில் பிடரி மடல். உச்சி மடல்தான் தொடுவதை உணர்வது, எது எந்தப் பக்கம் இருக்கிறதென்று கணக்கு வைப்பது. எனக்கு அடிபட்டது, இடப்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் வலப்பக்கத்து உச்சி மடல். கண்ணில் கோளாறில்லை; இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது என்றார். பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

என் மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"முன்மடல் நல்லாருக்குல்ல டாக்டர்?"

"அதுல ஒரு குறையும் இல்லம்மா."

"அப்ப இவுக பேச்சு நோய்ல சேராது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

பயிற்சி வீட்டில் தொடங்கியது. செய்தித்தாளின் இடது ஓரத்தில் மனைவி சிவப்பு நாடா ஒட்டினாள். நாடாவைத் தேடிப் பிடித்த பிறகே வரியைப் படிக்க வேண்டும். அதற்கு முன்பு பாதி வரி பாதி வரியாகப் படித்துவிட்டு, எழுதத் தெரியாதவர்களையெல்லாம் வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று பத்திரிகைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் என் இடப்பக்கமே உட்கார்ந்தாள். அங்கிருந்து கூப்பிட்டால் ஆரம்பத்தில் வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு முகம் பார்த்துப் பேசியதில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தடை. அதனால் அவள் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகப் பழகினேன். மழை விட்ட ஒரு காலையில் அமராவதிபுதூர் சாலையில் போகும்போது அவள் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். என்னவோ ஏதோ என்று பதறி நிறுத்தினாள்.

"மயிலு."

"எங்க?"

"இடது பக்கம், வேலிக்கு அங்குட்டு."

அவளுக்குத் தெரியவில்லை. நான் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் அது தலையைத் தூக்கியதும் அவளும் பார்த்துவிட்டாள். பிறகு மயிலை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.