மொறிஸ் மைனர் பற்றரியில் பார்த்த சனி

யுத்த காலத்தில் ஜேர்மனியில் மச்சான் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுடைய மச்சான்மார் காசு அனுப்பினார்கள், பால்மா அனுப்பினார்கள், ஒருவர் தையல் மெசின் கூட அனுப்பினார். என் மனைவியின் தம்பி எனக்குத் தொலைநோக்கி அனுப்பினான். விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிசனுக்கு வேறு என்னத்தால் பசியாறும் என்று நினைத்துவிட்டான்போல.

கொழும்பிலிருந்து ஊர் வந்து சேருவதற்குள் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் பெட்டியை அவிழ்த்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத சாமானால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் அந்தத் தயவும் கிடைக்கவில்லை.

"புடிச்ச சனியன் போதாதெண்டு வானத்துச் சனியனையும் தேடப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் பிழையில்லை. நான் தேடியது சனியைத்தான். அந்தப் புரட்டாதியில் பொழுதுபட்டதும் சனிக் கிரகம் நல்ல உயரத்தில் தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்குள் பிடித்தால் நிற்காது. பூமி சுற்றச் சுற்ற நழுவிக்கொண்டே போகும். அதைத் துரத்திப் போவதற்குத் தொலைநோக்கியின் காலடியில் ஒரு சின்ன மோட்டர் இருந்தது. அதற்குப் பன்னிரண்டு வோல்ற் வேண்டும். எங்கள் ஊரில் கரண்டுக் கம்பங்கள் நின்றன, கம்பிகளில் காகங்கள் இருந்தன, கரண்டு மட்டும் இல்லை. உயிருள்ள பற்றரி ஒன்றே ஒன்றுதான். அது வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிற ஊர் அண்ணன் ஒருவரின் பழைய மொறிஸ் மைனருக்குள் இருந்தது.

அவரிடம் கேட்கப் போனேன். பள்ளிக்கூடத்துத் தேவை, மாணவர்களின் எதிர்காலம் என்று ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை.

"உங்கட குழாயில சனி பகவானக் காணேலுமா சேர்?"

"ஓம்."

"எந்த வீட்டில நிக்கிறார் எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப பற்றரி என்ன, காரையே கொண்டு வாறன்."

அவருடைய ஒரே மகனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவரும் எங்கள் ஊர் முகாமில் தொடங்கி ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினார். இங்கே கொண்டு வரவில்லை என்றார்கள், அங்கே கேள் என்றார்கள், அங்கே போனால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு சாத்திரியாரிடம் போனார். தகப்பனுக்கு ஏழரைச் சனி, சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனதும் பிள்ளை வீடு வருவான் என்றார் சாத்திரியார். இத்தனை அரசாங்கக் கந்தோர் இருக்கிற இந்த நாட்டில் அந்த மனிசனுக்கு மறுமொழி என்று ஒன்று சொன்னது சாத்திரியார் ஒருவர்தான். பிறகு அவர் ஏன் நம்ப மாட்டார்? சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தார், காகத்துக்குச் சோறு வைத்தார்.

எனக்கு அந்தச் சாத்திரியாரில் சரியான கோபம். குழாய்க்குள் சனியைக் காட்டி அவருடைய கடையைப் பூட்ட வைக்கிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு இந்த ஊரில் நான்தான் வாரிசு.

சிறுபோகம் வெட்டிக் காய்ந்து கிடந்த வயல் வட்டைக்குள் காரை இறக்குவது என்று முடிவு. அதற்கு முகாமில் அனுமதி வேண்டும். முகாம் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் பாதி. நடுவில் ஒரு சிப்பாய் நின்று மொழிபெயர்த்தான்.

வயலுக்குள் கார் எதற்கு? கரண்டுக்கு. கரண்டு இருக்கிறதென்றால் லைட் போடலாமே? லைட் போட்டால் வானத்து வெள்ளி, நட்சத்திரம் ஒன்றும் தெரியாது. இருட்டில் வாகனம் நிற்க ஏலாது, அது சட்டம்.

பெரியவர் நெடுநேரம் யோசித்தார். நல்ல மனிசர்தான், மறுக்க அவருக்கு விருப்பமில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: எட்டு மணிவரை வெள்ளி பார்க்கலாம், ஆனால் லைட்டைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

லைட் போட்டால் வாவிக்கு அக்கரையில் இருக்கிற இயக்கப் பொடியன்கள் ஆமிக்கு யார் சமிக்ஞை காட்டுகிறது என்று கேட்பார்கள். போடாவிட்டால் இக்கரையில் சுடுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் படித்த மனிசன் அல்லவா, வழி கண்டுபிடித்தேன். எந்த லைட் என்று பெரியவர் சொல்லவில்லையே! காரின் உள் லைட்டை மட்டும் போட்டு, அதில் கோயில் சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டினேன். சட்டமும் காப்பாற்றப்பட்டது, இருட்டும் காப்பாற்றப்பட்டது.

மோட்டர் சரியாகத் துரத்த வேண்டுமென்றால் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஜேர்மனியில் அந்தத் துருவ வெள்ளி உயரத்தில் நிற்குமாம். தொலைநோக்கியின் கால்களையும் அதற்கேற்றபடி செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் அது வடக்கு மரங்களுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதனால் இரண்டு காலை வரம்பில் ஏற்றி, மூன்றாவதை வயலுக்குள் இறக்கி, காரைத் தூக்குகிற ஜக்கை முட்டுக் கொடுத்துச் சரித்தேன். எஞ்சினை ஓட விட்டால் கார் நடுங்கியது, வயர் நடுங்கியது, சனியும் நடுங்கியது. எஞ்சினை நிறுத்தினோம். இனி அந்தக் கிழட்டுப் பற்றரிதான் கதி. வயரைக் கொளுவினேன். மோட்டர் மெல்ல முனகத் தொடங்கியது.

"அவர ஓட விடாமப் புடிச்சு வைக்கிற மிசினா சேர்?"

"ஓம் அண்ணன். வாங்க, பாருங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கும்பிட்டுவிட்டுக் குனிந்தார். நான் பக்கத்தில் நின்று என்னுடைய விளக்கவுரையை ஆரம்பித்தேன்: வளையம், வாயு, கோடிக்கணக்கான மைல். சாத்திரியாரின் கடைக்கு நான் போடப்போகும் பூட்டு என் கண்ணுக்குள் தெரிந்தது. அவர் அசையவில்லை. கனநேரம் பார்த்தார்.

"வளையத்தப் போட்டுக்கொண்டு சும்மா இரிக்கார்" என்றார்.

"ஓம்."

"அவளவு தூரத்திலயா சேர்?"

"ஓம் அண்ணன்."

நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்தார்.

"இவர் இல்ல சேர். அவளவு தூரத்தில இரிந்து வந்து என்ட புள்ளட கையப் புடிச்சு ட்ரக்கில ஏத்தினது இவர் இல்ல. ஏத்தினவங்கள நான் கண்டனான். எங்கட வீட்டுக் கேற்றடியில நிண்டு பாத்துக்கொண்டுதான் இரிந்தன்."

சனி கும்பத்துக்குப் போக இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரை பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு ஒரு திகதியாவது இருந்தது. அதை நான் ஒரு மோட்டரும் இரண்டு கண்ணாடியும் கொண்டு பிடுங்கிவிட்டேன். அழுகை வந்தது.

அவர் காருக்குள் ஏறினார். வீட்டுக்குத்தான் வெளிக்கிடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு ஹெட்லைட்டையும் முழுதாகப் போட்டார். கார் முகாமைப் பார்த்துத்தான் நின்றது. வெளிச்சம் வட்டையைத் தாண்டிப் போய் மண்மூட்டைகளிலும் கேற்றிலும் அடித்தது.

ஹெட்லைட்டுகள் பற்றரியை உறிஞ்சின. மோட்டரின் முனகல் இறங்கி நின்றது. சனி கண்ணாடியை விட்டு நழுவிப் போயிருக்கும். அதைப் பார்க்க யாரும் குனியவில்லை. முகாமிலிருந்து ஒரு டோர்ச் எழும்பியது. சுடப்போகிறார்கள் என்று வரம்போடு படுத்தேன். டோர்ச் இரண்டு தரம் மேலும் கீழும் ஆடிவிட்டு அணைந்தது. லைட் ஒழுங்காக எரிகிறது, சரி என்று அர்த்தம். அன்று மாலை முழுவதும் நாங்கள் சட்டப்படி நடந்தது அந்த நேரம்தான்.

"அண்ணன், நூருங்க லைட்ட, கடவுளே" என்று அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அவங்கதானே சேர் போடச் சொன்னவங்க" என்றார். பற்றரி செத்து வெளிச்சம் மஞ்சளாகிச் சிவப்பாகி மங்கும்வரை கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார். இரண்டு பேருமாகக் காரைத் தள்ளிக்கொண்டு வீடு போனோம்.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்க அவர் வரவில்லை. முகாம் கேற்றுக்கு நேரே றோட்டோரத்தில் மொறிஸ் மைனர் நின்றது. பட்டப்பகலில், இரண்டு லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.