மாப்பிள்ளையை யாரிடம் விடுவது

அந்த ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் இன்னமும் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும். லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்காருகிறவர் அவர்தான். திட்ட மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "இன்னொரு தடவை வாங்க" என்பார். ஊர் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்: 'இன்னொரு தடவை'. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆளை எடைபோட அவரிடம் ஒரு வழி இருந்தது. டெஸ்டுக்கு வருகிறவர் ஏறுவதற்கு முன்பே நடுக்கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். அதைக் கவனித்துச் சரிசெய்தால் ஒரு மதிப்பெண். ஆனால் அசல் பரீட்சை அதுவல்ல. எப்பேர்ப்பட்ட கில்லாடிக்கும் ஒரு தடவையாவது வண்டி நடுரோட்டில் அணைந்து நிற்கும். அந்த நொடியில் அவர் கண் எங்கே போகிறது? ரோட்டுக்குப் போனால் தேறினார். பக்கத்தில் இருக்கிற இவர் முகத்துக்கு வந்தால் போச்சு. "என் மூஞ்சியிலயா லாரி வருது?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

மனைவி இப்போது இல்லை. அவள் விட்டுப்போனது ஒரு பழுப்பு நாய். வீட்டுக்கு வந்த நாளே சோபாவில் ஏறி உட்கார்ந்து, சாப்பாடு எங்கே என்பதுபோல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்ததாம். "இது நாயில்ல, மாப்பிள்ளை" என்றாள் அவள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. அசல் மாப்பிள்ளை, அதாவது மகளின் கணவர், முதல் தடவை அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது "மாப்பிள்ளை, எறங்கு கீழ!" என்று சமையலறையிலிருந்து அதட்டல் கேட்டதும் பாவம், துள்ளி எழுந்து நின்றுவிட்டார். மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அந்தச் சிரிப்பு நின்றுபோனதற்கும் காரணம் நாய்தான். மகளுக்கு வெளியூரில் முதல் குழந்தை பிறந்தபோது அவர் போகவில்லை. "மாப்பிள்ளையைப் பாத்துக்க ஆள் கெடைக்கலம்மா" என்றார். மகள் "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட சமாதானம் செய்திருக்கலாம். அதற்கப்புறம் அவள் அவரோடு பேசுவது, பேங்க்கில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசுவதுபோல் ஆகிவிட்டது. இப்போது இரண்டாவது குழந்தைக்கு நாள் நெருங்குகிறது. இந்தத் தடவையும் போகாவிட்டால் மகளை மொத்தமாக இழந்துவிடுவோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே ஆள் தேடினார். முதலில் வந்த இளைஞன் நாயோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான். நாய் தண்ணீர் குடித்ததா என்று கேட்டால், குடிக்கிற போட்டோவைக் காட்டினான். அடுத்து, நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம். தரை பளபளவென்று இருந்தது, கேமரா இருந்தது, வாசனைகூட நன்றாக இருந்தது. "இத்தனை நாய் இருக்கு, ஒண்ணுகூட ஏன் குரைக்கல?" என்று கேட்டார். நடத்துகிற அம்மா, "எல்லாம் ஒழுக்கம் சார்" என்றார். இவர் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒழுக்கத்துக்கும் மாப்பிள்ளைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

மூன்றாவதாக வந்தவள் ஒரு தையல்காரி. பழைய துணியைப் பிரித்து, சுருக்கி, இறக்கித் தைத்துக் கொடுக்கிற வேலை. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் மெஷினோடு வந்து தங்கி, நாயையும் பார்த்துக்கொள்வாளாம். வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்.

"உங்கள எனக்கு முன்னாடியே தெரியும் சார். நீங்க என்னை ஃபெயில் பண்ணியிருக்கீங்க."

"எதுக்கும்மா?"

"கண்ணாடியத் திருப்பாம வண்டியெடுத்துட்டேன். அப்புறம் திரும்ப வரவே இல்ல. பஸ் நல்லாத்தான இருக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. மறைக்காமல் சொன்னாளே என்று பிடித்தும் போயிற்று. ஆனால் பிடித்திருப்பதும் நம்புவதும் ஒன்றா? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். இவள் ஒரு தப்பு செய்ய வேண்டும், செய்துவிட்டு எங்கே பார்க்கிறாள் என்று தெரிய வேண்டும். அதற்கு வழி?

இந்த இடத்தில்தான் மனிதர் புத்தி கெட்டுப்போனார். நாயை நடக்கக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, அவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டையை இரண்டு ஓட்டை தளர்த்தி வைத்தார். கண்ணாடியைக் கூரைக்குத் திருப்புகிற அதே விரல்கள். ஒழுங்கான ஆள் என்றால் கிளம்புமுன் பட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டே படியிறங்கினாள். இவர் அவளுக்குத் தெரியும்படியே, தெருவின் மறு ஓரமாகச் சற்றுப் பின்னால் போனார். தெருக்கோடியில் மருந்துக்கடை, அதைத் தாண்டினால் வேன்கள் வேகமாகத் திரும்புகிற பெரிய சாலை. கடை வாசலில் இருந்த பூனை எழுந்து சோம்பல் முறித்தது. மாப்பிள்ளை ஒரு உலுக்கு உலுக்கினான், பட்டை கழன்று கயிற்றின் நுனியில் தொங்கிற்று, அடுத்த நொடி அவன் சாலையில் இருந்தான்.

அவள் கத்தவில்லை. துரத்தவும் இல்லை. ஒரு கையைத் தூக்கி வண்டிகளைத் தடுத்தபடி நடைபாதை விளிம்பிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். மடியில் பையை வைத்து, உள்ளே என்னமோ பெரிய சொத்து இருப்பதுபோல் சரசரவென்று துழாவ ஆரம்பித்தாள். ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. பூனை போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை பூனையை மறந்தான். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் உயிர்வாழ முடியாது. ஓடிவந்து தலையை உள்ளே விட்டான். அவள் இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். நூல்கண்டுகளும் பொத்தான்களும் நடைபாதையில் உருண்டன.

இதெல்லாம் நடந்தபோது அவள் ஒரு தடவைகூட இவர் பக்கம் திரும்பவில்லை. தேறிவிட்டாள். முழு மதிப்பெண். இவர் கிட்டே போனார்.

"அந்த வேன் எவ்வளவு கிட்ட வந்துச்சு, பாத்தீங்களா சார்?" அவள் மாப்பிள்ளையை இன்னும் விடவில்லை. "எனக்கு உயிரே போயிடுச்சு."

வேன் எவ்வளவு கிட்டே வந்தது? எந்த நிற வேன்? மாப்பிள்ளை சாலையின் எந்தப் பக்கம் ஓடினான்? அவருக்குத் தெரியவில்லை. அவள் தோளில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது தெரியும். உதட்டைக் கடித்தது தெரியும். கண் எங்கே போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை, மனைவி மடியில் வைத்து வளர்த்த மாப்பிள்ளை, சக்கரத்துக்கு முன்னால் நின்றபோது அவர் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலம்மா" என்றார்.

"பின்ன எங்க பாத்துட்டிருந்தீங்க?"

"உங்களத்தான்."

அவளுக்குப் புரியவில்லை. பட்டையை எடுத்துப் பார்த்தாள். "தப்பு என்மேலதான் சார். கிளம்புறப்ப இதை நான் பாத்திருக்கணும். இவ்வளவு தளர்வா இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. வேற ஆளை வேணும்னா பாத்துக்குங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அப்படித் தோன்றவும் செய்தது. ஆனால் சொன்னார். "தளர்த்தி வெச்சது நான்தான்."

அவள் எழுந்து நின்றாள். சார் பட்டமெல்லாம் பறந்துவிட்டது.

"என்ன மனுஷன் நீங்க? பரீட்சை எனக்குன்னா என்னை வெச்சுப் பண்ணுங்க. அந்த வாயில்லா ஜீவன் உங்களுக்கு என்ன பண்ணுச்சு? அவன் அடிபட்டுச் செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, எனக்கு மார்க் போட்டிருப்பீங்களா?"

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்நாளில் ஒருவரும் அவரைத் தெருவில் வைத்து இப்படிக் கேட்டதில்லை. கேட்டது சரி என்றும் பட்டது. குனிந்து பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. "பொண்ணுக்குப் பிரசவம். நான் போகணும். போன தடவை போகல. யாரை நம்பறதுன்னு தெரியாம இப்படி ஆயிட்டேன்."

மாப்பிள்ளை ஒரு பொத்தானை வாயில் போட்டுப் பார்த்தான், ருசிக்கவில்லை, துப்பினான். அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் கை அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

"இவனை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் கடைசியில். "உங்களத்தான் பிடிக்கல. நம்பிக்கையும் இல்ல. நான் இங்க இருக்கறப்ப ஆளை விட்டு வேவு பாப்பீங்க."

"மாட்டேன்."

"எந்நேரமும் போன் பண்ணி அது தின்னானா, இது தின்னானான்னு கேப்பீங்க."

"மாட்டேம்மா."

"நாளைக்கு மெஷினக் கொண்டுவர்றேன். வெளிச்சமான ஜன்னல் எனக்கு. நீங்க போயி பொண்ணப் பாருங்க."

அவர் பட்டையை மாட்டி, பழைய ஓட்டையிலேயே இறுக்கினார். அவள் குனிந்து, உள்ளே ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தாள். அவர் மாட்டியதைத்தான் சோதித்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தார். வழக்கமாக அவர் அந்த முதல் "ஹலோ"வைக் காது கொடுத்து எடைபோடுவார்: கோபம் இருக்கிறதா, குறைந்திருக்கிறதா, எவ்வளவு? அதற்குள் பேச்சு முடிந்துவிடும். இன்றைக்கு எடைபோடத் தோன்றவில்லை.

"எப்படிம்மா இருக்கே? தூங்குறியா? கால் வீங்குதுன்னியே, வலிக்குதா?"

மகள் சொன்னாள், கால் வலிக்கிறது, தூக்கமே இல்லை, பெரியவன் ஒரு நிமிஷம் விடுவதில்லை, பயமாக இருக்கிறது. இவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நான் வர்றேம்மா. டிக்கெட் போடப்போறேன்."

"நிஜமாவாப்பா?" குரல் சின்னப்பெண்ணின் குரலாகிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டாள். "எத்தனை நாள் இருப்பீங்க? ரெண்டு நாளா?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்" என்றார் அவர்.

மகள் அழுதாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார்.