துணிக்கடையில் ஒரு நீலச் சண்டியன்

1. கடித்தவன்

கடை திறக்கிற நேரத்திலேயே போன் வந்துவிட்டது.

"செல்விம்மா, ஒங்க நீலம் இன்னொரு மீன முடிச்சிருச்சு. வரும்போது மஞ்சக் கலருல ஒண்ணு கொண்டாந்துருங்க."

பேசியவர் பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி. குரலில் கவலை என்பது மருந்துக்கும் இல்லை. வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்பதுபோலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மீன் தொட்டி பராமரிப்பது என் தொழில். பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹோட்டல், கிளினிக், வீடு என்று நிறையத் தொட்டிகள் என் கையில் இருக்கின்றன. கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். கொழும்புப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு இடத்துக்கு வேலைக்குப் போனபோதுதான் முதன்முதலில் கடலையே பார்த்தேன். தொழிலையும் அங்கேதான் பழகினேன். ஊர் திரும்பிய பிறகு பார்த்ததெல்லாம் கோல்ட் பிஷ்தான். கடல்நீர்த் தொட்டி என்று என்னிடம் இருப்பது இந்தத் துணிக்கடைத் தொட்டி ஒன்றே ஒன்று.

அதற்குத் தண்ணீர் வரும் கதையே தனி. வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு கரையோரத்துக்கு இறங்கும் லொறி, திரும்பும்போது கேன்களில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு மலை ஏறும். நான் அதைத் துணியில் வடிகட்டி, உப்பு அளவு பார்த்து, ஹீட்டர் போட்டுச் சூடாக்கித்தான் தொட்டியில் விடுவேன். கேனைத் திறந்ததும் பஸாருக்கு நடுவில் கடல் வாசனை அடிக்கும். இத்தனை வருஷமாகியும் அந்த நிமிஷம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தொட்டி சின்னது. இரண்டு தலையணையைப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதில் ராஜாங்கம் செய்தது டேம்சல் என்கிற ஒரு நீல மீன். என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. முதல் தடவை கண்ணாடி துடைக்கக் கையை விட்டபோது, பாறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து என் விரலைக் கடித்தது. வலி பெரிதில்லை. ஆனால் நான் அப்படியே நின்றுவிட்டேன். அதன் கணக்கில் என் கை ஒரு யானை. யானை வீட்டுக்குள் நுழைந்தால் நானும் நீங்களும் பின்வாசல் வழியாக ஓடுவோம். அது முன்வாசலில் வந்து முட்டியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கையையே கடிப்பவன் கூட இருக்கிற மீனைச் சும்மா விடுவானா? புதிதாக எது வந்தாலும் விரட்டுவான், செட்டையைக் கிழிப்பான், தின்னவிடமாட்டான். அது மூலையில் ஒடுங்கிக் கிடந்து செத்துப்போகும். அவனுக்கு முன்பே வந்த கோமாளி மீன் மாதிரிப் பழைய சில மட்டும்தான் தப்பிக் கிடந்தன.

2. முச்சந்தி

"இந்த ரௌடிய எடுத்துருவோம் மொதலாளி. இல்லாட்டி வேற மீனு போட வேணாம்" என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். இத்தனை உயிர் போயும் இந்த மனுஷனுக்கு ஏன் மனம் இளகவில்லை என்று எனக்கு எரிச்சல்.

அன்றைக்கு மஞ்சள் மீனோடு போனபோது விஷயம் தெரிந்தது. செத்த மீனை ஒரு வெற்றிலையில் வைத்து, மேலே உப்பும் மிளகாயும் போட்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க மொதலாளி கொண்டு போறீங்க?"

"முச்சந்திக்கு."

பிறகு அவரே சொன்னார். அவர் மனைவி கமலாக்காவுக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்தார்கள். தொட்டியில் முதல் மீன் செத்த வாரம்தான், மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அக்கா நன்றாகத் தூங்கினாராம்.

"நமக்கு வர்றத மீனு வாங்கிட்டுப் போயிரும்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல? இந்தச் சண்டியன் இருக்கற வரைக்கும் எமன் என் வீட்டு வாசலுக்கு வரமாட்டான் செல்விம்மா. அவனுக்கு வேண்டியத இங்கயே குடுத்து அனுப்பிருவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனியாண்டி கோயிலில் சேவல் அறுத்து வேண்டிக்கொள்கிற சனத்தில் வந்தவள் நான். பெண்டாட்டி உயிருக்குப் பயந்த மனுஷனிடம் உப்பு அளவையும் ஒட்சிசனையும் பற்றி என்ன பேசுவது? மஞ்சள் மீன் இருந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் முச்சந்திக்குப் போன பிறகு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கமலாக்கா என்னைக் கூப்பிட்டார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும் அவருக்கு.

"செல்வி, எனக்காகத்தான் இதெல்லாம் சாகுதாம். நாளெல்லாம் இது முன்னால ஒக்காந்து பாக்க முடியல. எம் பாரத்த நா சொமந்துக்கிறேன். நீ இத நிப்பாட்டு."

"மொதலாளி கோவிப்பாரேக்கா?"

"அவருகிட்ட நா பேசிக்கிறேன். நீ ஒன் வேலையப் பாரு."

3. கல்லை மாற்றினேன்

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். டேம்சலை வலை போட்டுப் பிடிக்க நினைக்காதீர்கள். நீங்கள் தொட்டியைக் கலக்கி முடிப்பீர்கள், அது பாறைக்குள் இருந்து உங்களை வேடிக்கை பார்க்கும். நான் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, கொஞ்சம் இறால் போட்டு வைத்தேன். பேராசைக்காரன், தானாக வந்து மாட்டினான். துளை போட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அவனை விட்டு, தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். மற்ற மீன்களை அவன் பார்க்கலாம், தொட முடியாது.

பிறகுதான் முக்கியமான வேலை. பாறைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, இடம் மாற்றி அடுக்கினேன். அவன் குகை இருந்த இடத்தில் வெறும் மணல். மஞ்சள் மீனையும் அப்போதே விட்டேன். மற்ற மீன்கள் ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும் வரை சில நாள் பொறுத்து, கடைசியாகத்தான் அவனை வெளியே விட்டேன்.

அன்றைக்கு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? நேராகத் தன் பழைய வாசலுக்குப் போனான். வாசல் இல்லை. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு தொட்டியின் மூலை மூலையாகப் போய்த் தேடினான். ஒரு விரல் நீளம்கூட இல்லாத உயிர், ஒவ்வொரு கல்லையும் மனதில் வைத்திருந்திருக்கிறது! அவனிடம் இருந்தது வெறும் முரட்டுத்தனம் என்று நினைத்திருந்தேன். அது வீட்டைக் காக்கிற வெறி. வீடு போனதும் அவன் சண்டியன் இல்லை, ஊருக்குப் புதிதாக வந்தவன். கோமாளி மீன் ஒன்று அவனை விரட்டியது. அவன் ஒதுங்கிப் போனான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு எந்த மீனும் சாகவில்லை. பின்னால் அவனுக்கும் ஒரு பொந்து அமைந்தது. அப்பப்போ உறுமிப் பார்ப்பான். பழைய வேகம் இல்லை.

முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கண்டிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள்தான் வாயைத் திறந்தார்.

"நீங்க மீனக் காப்பாத்திட்டீங்க. எம் பொஞ்சாதிய இப்ப யாரு காப்பாத்துவா?"

துடைத்து முடித்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

4. கரண்ட் போன நாள்

கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர்கள் கண்டிக்குப் போனார்கள். "நாஞ் சொல்லாம யாருக்கும் குடுக்கக் கூடாது" என்பது முதலாளி உத்தரவு. நான் தினமும் போகும்போது சாப்பாட்டுக் கடைக்காரர் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தருவார்.

ஒப்பரேசன் சமயம் பார்த்து மார்கழி மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் சாயங்காலமே லைனில் மரம் விழுந்து கரண்ட் போயிருந்தது. சின்னத் தொட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் காற்றும் இல்லை, சூடும் இல்லை. விடிந்ததும் பேட்டரி பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்டிக்கு லைன் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் கையை விரித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல செல்வி. மொதலாளி ஒரு வார்த்த சொல்லட்டும்."

கடைசியில் என் போனில்தான் லைன் கிடைத்தது. அக்காவை அப்போதுதான் ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பப் போகாட்டி எல்லாம் செத்துரும் மொதலாளி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மீன் செத்தாலே அக்காவுக்குத் தூக்கம் வரும் என்று நம்பியவர் அவர். இப்போது அத்தனை மீனும் சாகக் கிடக்கிறது, அக்கா கத்திக்குக் கீழே கிடக்கிறார். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் இருந்தால் போதும்.

"போனக் கடக்காரருகிட்ட குடுங்க" என்றார்.

கொடுத்தேன்.

"தொறந்துவிடுங்க. செல்விம்மாவுக்கு என்ன வேணும்னாலும் குடுங்க."

உள்ளே போனபோது எல்லா மீனும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. நடுவில் நீலம். அவன் செட்டையோடு உரசிக்கொண்டு மஞ்சள் மீன். கடிக்கவில்லை, விரட்டவில்லை. பேட்டரி பம்பைப் போட்டேன். சாப்பாட்டுக் கடைக்காரர் போத்தல் போத்தலாகச் சுடுதண்ணீர் கொண்டுவர, மூடியை இறுக்கி ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். மத்தியானம் தாண்டி முதலில் அசைந்தது நீலம்தான். அசைந்ததும் செய்த முதல் காரியம், போத்தலைப் பிடித்திருந்த என் விரலைக் கடித்ததுதான். வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

கமலாக்கா பிழைத்து வந்தார். இளைத்திருந்தார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து மூச்சு வாங்காமல் என்னோடு பேசினார். முதலாளி என்னைக் கடைவாசல் வரை அழைத்து வந்தார்.

"அன்னைக்குக் கடையத் தொறந்துவிடச் சொல்லும்போது அவளக் கொல்றது நாந்தான்னு நெனச்சேன் செல்விம்மா."

"அப்பறம் ஏன் மொதலாளி சொன்னீங்க?"

"கண்ணத் தொறந்ததும் மீன்களக் கேப்பா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது."

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சண்டை போடும் மீனைத் திட்டாதீர்கள், அது எதைக் காக்கிறது என்று பாருங்கள். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனுஷரைப் பற்றிக் கேட்டால், அந்தப் போனில் கேட்ட மூச்சுச் சத்தத்தைத்தான் சொல்வேன். அதைவிடப் பெரிதாக இந்தத் தொழிலில் நான் எதையும் கேட்டதில்லை.