வலி நின்றது, நோ நிற்கவில்லை

எனக்கு எழுபத்துநாலு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். மீன் காயப்போட்டே வளர்த்தேன், ஒருவருக்கும் தலை குனியவில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கே என் கடைசி மகள் றெஜினாவைப் பலி கொடுக்கப் பார்த்தேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு, நாங்கள் வலி என்போம். விழுந்து, கைகால் இழுத்து, நுரை தள்ளுவாள். போன வருடம் கிளினிக்கில் குளிசையை மாற்றினார்கள். வலி நின்றது. மாதா என் மன்றாட்டைக் கேட்டுவிட்டாள் என்று கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சாட்சி சொன்னேன். அவளையும் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவள் சிரிக்கவேயில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். கிளினிக்கில் எப்படி என்று கேட்டால் நான் முந்திக்கொண்டு, "வலி இல்லை, நல்ல சுகம்" என்பேன். சாட்சி சொன்ன வாயல்லவா.

தவக்காலத்தில் ஒரு பின்னேரம் தன் நல்ல உடுப்பெல்லாம் மடித்து மச்சாளிடம், என் மருமகளிடம், கொடுத்தாள். மருமகள் பகிடி விட்டாள்: "என்னடி, கன்னியர் மடத்துக்குப் போறியோ?"

"இனி எனக்குத் தேவைப்படாது மச்சாள்."

நான் எழும்பி அவளுக்குக் கிட்டப் போனேன். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? வலி நிண்டிட்டுதெல்லே?"

"வலி நிண்டிட்டுது அம்மா. நெஞ்சுக்குள்ள நோ நிக்கேல்ல. சாகவேணும் போலக் கிடக்கு. நீங்கள் சாட்சி சொல்லிப்போட்டியள், நான் எப்பிடிச் சொல்லுறது?"

வெளியே காற்றே இல்லை. கடல் அசையாமல் கிடந்தது.

செபமாலையை எடுத்தேன். "தாயே, என் வாயைக் கட்டிவிடும்" என்று மட்டும் மன்றாடினேன். அவளைத் தனியே விடவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கூட்டிப்போனேன். டொக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவள் தானே எல்லாம் சொன்னாள்.

"அம்மா, இது விசுவாசக் குறையில்லை" என்றார் டொக்டர். "இந்த வலிப்பு வருத்தக்காரருக்கு மனச்சோர்வும் வரும். சில குளிசையும் அப்பிடிச் செய்யும். நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ, நாங்கள் மாத்துறம்." மனநல டொக்டரிடமும் அனுப்பினார்.

என் மன்றாட்டு கேட்கப்பட்டது அங்கேதான். இப்போது அவள் சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். இரண்டு தரம் வலி வந்தது, நான் மறைக்கவில்லை. பயம் முழுதாய்ப் போகவுமில்லை. அவள் கதவைச் சாத்தினால் என் காது அங்கேதான்.

உங்கள் வீட்டு வலிக்காரப் பிள்ளை திடீரென்று அமைதியானால் அற்புதம் என்று எண்ணிவிடாதேயுங்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். செபியுங்கள், டொக்டரிடமும் கூட்டிப்போங்கள். மாதா கைவிடமாட்டாள்.

அபி, அப்பம்மா சொல்லச் சொல்ல எழுதினது போதும், உன் றெஜினா மாமியைக் கூப்பிட்டு இருத்தி இதை வாசி பிள்ளை. அவள் வேண்டாம் என்கிற வரியை வெட்டிவிடு.