பதில் மணி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இதைச் சொல்வதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால், "அதெல்லாம் பிரமையா இருக்கும்" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லி என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். என் தங்கையின் காலுக்குள் வைத்திருக்கும் கம்பி பிரமை இல்லை. அவள் உள்ளறையில்தான் படுத்திருக்கிறாள். சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. ஈரம் காயாத விரிப்பை நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் காய்ந்து வருவதை மடிக்க வேண்டும். காலையில் உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளிக்காற்று. வீட்டிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரப் பயணம். அதில் பாதிக்கு மேல் பெரிய சாலை.

அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களை யாரும் மனிதராகவே மதிப்பதில்லை. பேருந்துக்காரன் ஓரம் கட்டுவான். லாரிக்காரன் காதுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துக் குலைநடுங்க வைப்பான். காரில் போகிறவன் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டு, தூசி உள்ளே வருமே என்று மறுபடி ஏற்றிக்கொள்வான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. திருப்பித் திட்டாமல் ஒருவனையும் விட்டதில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் என் பாதி ஆயுள் அந்தச் சாலையில்தான் போயிருக்கிறது.

இந்த வருடம் தங்கையும் சேர்ந்துகொண்டாள். புருஷன் சரியில்லை என்று நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் அவளுக்கு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் கிளம்பிய முதல் நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு அவள விட்டா யாருமில்ல. போன மாதிரியே திரும்பக் கூட்டிட்டு வந்துடு."

"நான் இருக்கேன்ல. சும்மா இரும்மா" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

பெரிய சாலையில் ஏறுவதற்கு முன்பு தங்கையைச் சந்திலேயே நிறுத்தி விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். நான் முன்னால், அவள் பின்னால். இடது பக்கம் பள்ளம் இருந்தால் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவேன். அவள் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். வலது கை காட்டினால் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். கண்ணாடிச் சில்லு, மணல், மூடி இல்லாத சாக்கடைக் குழி, எல்லாவற்றுக்கும் இதே கைதான். கையைப் பார்த்ததும் அவள் ஒரே ஒரு மணி அடிக்க வேண்டும். மணி வந்தால் அவள் பத்திரமாக வருகிறாள் என்று நான் தெரிந்துகொள்வேன்.

ஏனென்றால் முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கவே கூடாது. அந்தச் சாலையில் தலை திரும்பினால் கையும் கூடவே திரும்பும். பக்கத்தில் லாரி. அவ்வளவுதான், கதை முடிந்தது.

"மணி அடிக்க மறந்துட்டா?" என்று கேட்டாள்.

"நடுரோட்டுல இறங்கித் திட்டுவேன்."

"அதுக்கு லாரியே பரவால்ல."

முதல் இரண்டு நாள் அவள் மணி அடித்த லட்சணத்துக்கு என் தொண்டை கட்டிக்கொண்டது. பள்ளம் தாண்டி வெகு தூரம் போன பிறகு அடிப்பாள். சில சமயம் அடிக்கவே மாட்டாள். மூன்றாம் நாள் எல்லாம் மாறிவிட்டது. கையைத் தாழ்த்துவேன்.

ட்ரிங்.

ஒரே மணி. கச்சிதமாக. ஒரு தடவைகூடத் தவறவில்லை. பரவாயில்லையே, திட்டினால்தான் உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்து பாராட்டவில்லை. அவளைப் பாராட்டினால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. நடுவில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இடித்தன. அவள் மெதுவாக மிதிப்பவள். என்னைவிட நாலைந்து சைக்கிள் தூரம் பின்தங்கித்தான் வருவாள். ஆனால் மணி மட்டும் என் முதுகுக்குப் பக்கத்தில் கேட்கும். காற்று அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நான் சலவைக்கூட வாசலில் இறங்கி நிற்கிறேன், அவளைக் காணோம். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கடி நின்னுட்டே?"

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். நீதான் நிக்காம போயிட்டியே."

சிக்னல் தாண்டிய பிறகு மூன்று பள்ளங்களுக்குக் கை காட்டியிருந்தேன். மூன்றுக்கும் மணி வந்தது. அதை அவளிடம் கேட்க வாயெடுத்தபோது, மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். அவரோடு மல்லுக்கு நின்றதில் மறந்துபோனது.

இன்னொரு நாள் மாலை, "நீ மட்டும் முன்னாடி போறியே, பயமா இல்லயா?" என்று அம்மா என்னைக் கேட்டபோது தங்கை சிரித்தாள். "அவளுக்கு என்னம்மா பயம், துணைக்குத்தான் ஆள் இருக்கே" என்றாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெரிய துணை என்று நான்கூட முகத்தைச் சுளித்தேன்.

அந்த நாள் வந்தது.

பகல் முழுக்க மழை. ஆறு மணிக்கு விட்டது. நாங்கள் கிளம்பிப் பெரிய சாலையில் ஏறியதும் தெருவிளக்குகள் மொத்தமாக அணைந்தன. வண்டிகளின் வெளிச்சம் மட்டும்தான். பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியவில்லை. எல்லாரும் வீடு போய்ச் சேரும் அவசரத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"ஒட்டியே வா. கையப் பாத்துட்டே வா" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன்.

"சரி சரி" என்றாள்.

பாலத்துக்கு அடியில் முதல் பள்ளம். இடது கை.

ட்ரிங்.

பெட்ரோல் பங்க் எதிரில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. இடது கை.

ட்ரிங்.

அதற்குள்ளா? கை முழுதாகக்கூடத் தாழவில்லை. எதற்கு இத்தனை நெருங்கி வருகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

"கொஞ்சம் தள்ளி வாடி, மோதிடாத" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினேன்.

பதில் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும்...

ட்ரிங்.

நான் கை காட்டவே இல்லை.

எதற்கு அடித்தாள்? சாலையை உற்றுப் பார்த்தேன். அடுத்த நொடி முன்சக்கரம் தண்ணீருக்குள் இருந்த குழியில் இறங்கி ஏறியது. கைப்பிடி எகிறியது. எப்படியோ சமாளித்தேன்.

நான் பார்க்காத குழி. பின்னால் வருகிறவளுக்கு எப்படித் தெரிந்தது?

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் சாலையில் நீண்டு விழுந்தது. என் தலை. என் தோள். அதற்கு மேல் இன்னொரு தலை.

என் தங்கை கைப்பிடி மேல் குனிந்து குனிந்து மிதிப்பவள். இந்த நிழல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

லாரி போய்விட்டது. நிழலும் போய்விட்டது.

சங்கிலியின் சத்தம் கேட்டது. என்னுடையது இல்லை. எண்ணெய் பார்க்காத சங்கிலி... கரக்... கரக்... கரக்...

நான் வேகமாக மிதித்தேன்.

கரக் கரக் கரக்.

மெதுவாக மிதித்தேன்.

கரக்... கரக்...

"ஏய்... நீதானே?"

ட்ரிங்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வரிசையாகப் பேருந்துகள்.

முன்னால், இடது ஓரத்தில், சாக்கடைக் குழி. மூடி இல்லை. நன்றாகத் தெரிந்தது.

இடது கையைத் தாழ்த்தினேன்.

ட்ரிங்.

காதுக்குள்.

குழியைத் தாண்டி மிதித்துக்கொண்டிருந்தபோது... பின்னால் எங்கோ தூரத்தில்... வெகு தூரத்தில்... என் தங்கையின் அலறல்.

நிறுத்தினேன். திரும்பினேன்.

என் பின்னால் யாருமே இல்லை.

நான் தாண்டி வந்த குழிக்குப் பக்கத்தில் ஒரு பேருந்து குறுக்கே நின்றிருந்தது. ஆட்கள் குதித்து இறங்கினார்கள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவள் முன்சக்கரம் குழிக்குள் இருந்தது. அவள் சாலையில் கிடந்தாள். இடது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பேருந்து ஓட்டுநர், "என் மேல தப்பில்ல, அவங்களா குழிக்குள்ள விட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேருந்துக்காரனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆம்புலன்ஸில் அவள் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"வலது கை காட்டினா இடது பக்கம் போகணும்னுதானே சொன்னே. போனேன்."

"நான் இடது கைதான்டி காட்டினேன்."

அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவும் சரியாகப் பேசவில்லை. குழந்தை மட்டும் வந்து, "அம்மாவ நீதான் தள்ளிவிட்டியா பெரியம்மா?" என்று கேட்டது. எனக்கும் தங்கை மேல் கோபம்தான். என் கை எது என்று எனக்குத் தெரியாதா?

கோபத்தோடேயே அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் போட்டேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். அப்புறம் மணியையும் கழற்றி, மேல்மூடியைத் திருகி எடுத்து உள்ளே பார்த்தார்.

"இதையும் மாத்திடலாமா? உள்ள எல்லாம் உடைஞ்சு கொட்டிப் போயிருக்கு."

"விழுந்ததுல உடைஞ்சிருக்கும்."

"இல்லம்மா. துருவப் பாருங்க. இது உடைஞ்சு ரெண்டு மாசமாவது இருக்கும்."

நான் மணியை வாங்கி, மூடியைத் திரும்ப மாட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். தங்கை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"உன் மணி எப்போ உடைஞ்சது?"

பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பேசினாள்.

"மூணாவது நாளே."

"ஏன் சொல்லல?"

"நீ திட்டுவேன்னு பயந்துட்டே வந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. சரி, அதான் அவர் அடிக்கிறாரே, அது போதும்போலன்னு விட்டுட்டேன்."



"யாரு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் போய், முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"உன் பின்னாடியே வருவாரே. தினமும். பாலத்துக்கிட்ட சேர்ந்துக்குவாரு. உனக்கும் எனக்கும் நடுவுல."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"உனக்கு வேண்டியவர்னு நினைச்சேன்க்கா. வீட்டுல தெரிய வேணாம்னு நினைக்கிறியோன்னு நானும் கேக்கல. அவர் மறைச்சுக்குவாரு, உன் கை எனக்குத் தெரியாது. நீ காட்டுறத அவர் எனக்குக் காட்டுவாரு. இத்தனை நாள் சரியாத்தான் காட்டினாரு."

"அன்னைக்கு?"

"வலது கையக் காட்டினாரு."

கதவுக்கு வெளியே குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அம்மா அதட்டினாள். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆள் எப்படி இருப்பாரு? முகம்?"

"முகத்த எங்க பாத்தேன். முன்னாடி போறவங்க திரும்பக் கூடாதுன்னு சொல்லுவியே, அந்த மாதிரி ஒரு நாளும் திரும்ப மாட்டாரு."

போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு மட்டும் திரும்பினாரு. கையக் காட்டிட்டு... நான் குழிப்பக்கம் போறேனான்னு திரும்பிப் பாத்தாரு."

"பாத்தியா முகத்த?"

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவள் கட்டிலுக்கு முன்னால் யார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் கத்துகிறாள். பெற்ற பெண்ணாக இருந்தாலும் சரி. அந்தக் குழந்தை இப்போது அம்மாவின் அறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வரக் கற்றுக்கொண்டுவிட்டது.