உட்டா லே

சாராளுக்கு இந்தி தெரியும் என்று தெருவே நம்பியது. அவளும் நம்பினாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒன்பது வருஷமாக நாஷ்டாக் கடை. வடநாட்டு ஆட்களுக்குச் சப்பாத்தி போடுவாள். கடைக்கு வேண்டிய பேச்சு வந்துவிட்டது. மற்றதெல்லாம் லோடு ஏற்றுகிறவர்களின் கூச்சலிலிருந்து பொறுக்கியது. 'உட்டா' என்றால் தூக்கு. 'லே' என்றால் எடுத்துக்கொள்.

"எங்க அத்த இந்தியிலயே திட்டும்" என்று அண்ணன் மகன் ராபின் பீற்றிக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை பக்கத்து வீட்டுப் பிரின்சி பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தாள். ஆறு வயசு. கால்வாய் ஓரமாக இரண்டு வடநாட்டு ஆட்கள் நின்றார்கள். சாராளுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. ஒருவன் குழந்தைப் பக்கம் குனிந்து, "உட்டா லே, உட்டா லே" என்றான். பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு வாரமாக எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, புள்ளயத் தூக்கினு போறான்!" என்று சாராள் அலறினாள்.

ராபின்தான் முதலில் ஓடினான். பின்னால் பத்துப் பேர். ஒருவன் தப்பிவிட்டான். அகப்பட்டவன் ஜார்க்கண்ட்காரன் சுக்ராம், தினமும் அவள் கடையில் சாப்பிடுகிறவன். அடிபட்டுக் கீழே விழுந்த பிறகு அவன் கை நீட்டியது அவளைப் பார்த்துத்தான். பொழுது சாய்வதற்குள் அந்த ஆட்கள் தங்கியிருந்த ஷெட்டின் மேல் கல் விழுந்தது. போலீஸ் எழுதிய புகாரில் சாராள் கையெழுத்துப் போட்டாள். சுக்ராமை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டிப் படுக்க வைத்தார்கள்.

ஷெட்டிலிருந்து ஓடிய முப்பது பேருக்குச் சர்ச் ஹாலைத் திறந்துவிட்ட போதகர், சாப்பாட்டுக்குச் சாராளிடம்தான் சொல்லி அனுப்பினார்.

"இன்னா அத்த, புள்ள புடிக்கிறவனுங்களுக்குச் சப்பாத்தியா?" என்றான் ராபின்.

"ஒருத்தன் பண்ணா முப்பது பேரும் பட்டினி கெடக்கணுமாடா?"

ஹாலில் பரிமாறும்போது கை நழுவிக் கரண்டி உருண்டது. சுவரோரம் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவனிடம், "உட்டா லே" என்றார். அவன் குனிந்து கரண்டியை எடுத்து, சட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினான்.

சாராள் அதை வாங்காமல் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரின்சியைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு அந்த ஆளு உன்ன இன்னாடி பண்ணான்?"

"ஒண்ணும் பண்ல பெரிம்மா. என் செருப்பு கழண்டு கால்வாயாண்ட உழுந்துச்சு. அதக் காட்டிக்கினே இருந்துச்சு அந்த அண்ணா."

"ஏன்டி இத யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

விஷயம் தெரிந்து அண்ணன் சாம்சன் வாசலில் வந்து நின்றார். அவள் வாக்குமூலத்தை மாற்றினால் சுக்ராம் மேல் இருக்கும் வழக்கு நிற்காது. ராபின் அவனை உதைப்பதோ பத்துப் பேர் போனில் வீடியோவாக இருக்கிறது.

"அடுத்த மாசம் கம்பெனியில ராபின பர்மனென்ட் பண்றாங்க. காதுல தப்பா உழுந்துச்சுன்னு சொல்லி அவன உள்ள தள்ளுவியா?"

"காதுல சரியாத்தான் உழுந்துச்சுண்ணா. அர்த்தம்தான் எனக்குத் தெரியல."

"எவனோ ஒருத்தனுக்காவ..."

"நம்ம காலனியக் கொளுத்தனப்பவும், 'ஆடு திருடிட்டான்'னு எவனோ ஒருத்தன் கத்தனதுதானே? ஆடு தோப்புலயே மேஞ்சிக்கினு இருந்துச்சு. கத்தனவன் வந்து தப்புன்னு சொன்னானா?"

சாம்சன் வாசலை விட்டு இறங்கினார். போகும்போது, "இனிமே எங்க ஊட்டுப் படி ஏறாத" என்றார்.

ஸ்டேஷனில் எழுத்தர் எரிந்து விழுந்தார். "பாஷை தெரியாம எதுக்கும்மா கையெழுத்துப் போட்ட?"

"தெரியும்னு நெனச்சேன் சார்."

மறுநாள் ராபினைக் கம்பெனி கேட்டிலேயே பிடித்தார்கள். ஜீப் அவள் கடையைத் தாண்டித்தான் போனது. அவன் 'அத்த' என்று கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது 'மாஃப் கரோ' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இந்த முறை அர்த்தத்தைப் போதகரிடம் கேட்டு வைத்திருந்தாள்: மன்னித்துவிடு. அவள் போய்ச் சேர்ந்தபோது காவலர் விலங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுக்ராமின் ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண் அவளைப் பார்த்தது. அவள் டப்பாவைத் திறந்தாள். சப்பாத்தி இன்னும் சூடாக இருந்தது.

"இன்னாம்மா நீ!" என்றாள் நர்ஸ். "தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்கு. ஒரு மாசத்துக்கு வெறும் தண்ணி ஆகாரம்தான். தெரியாதா?"

சாராள் டப்பாவை மூடினாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை வரவில்லை. சுக்ராம், விலங்கு கழன்ற கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.