செங்கல் மேல் ஏறிய கட்டில்

மெயின்லேண்டிலிருந்து யார் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறது என்று அப்போதெல்லாம் இந்தத் தீவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் கட்டில் சரிந்திருக்கும். கால்மாட்டில் செங்கல், தலைமாடு தாழ்வு. கப்பலை விட்டு இறங்கியவர்களுக்குத் தரை ஆடுமல்லவா, அதற்கு எங்கள் தீவின் அபர்டீன் பஜார்த் தமிழர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது. நம் ஊரில் தலைசுற்றினால் முகத்தில் தண்ணீர் தெளித்து ஒரு சோடா வாங்கிக் கொடுப்போம். இங்கே ஆளையே சாய்த்துவிடுவோம்.

என் மனைவி சரோஜா எழுபதுகளின் நடுவில் வந்து சேர்ந்தாள். நான் அதற்கு முன்பே வந்து ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். கப்பல்துறையில் இறங்கி என் தோளைப் பிடித்தவள் வீடு வரை விடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, சிமெண்ட் வியாபாரி, தன் கையாலேயே செங்கல் தூக்கிவந்தார். "தலைக்கு ரத்தம் போனா ஆட்டம் நின்னுரும் தம்பி. நான் வச்ச கட்டிலு கொஞ்சமா?" மறுநாளும் ஆட்டம் நிற்கவில்லை என்றதும் இன்னொரு அடுக்கு வைத்தோம். சாப்பாடுகூடப் படுத்தபடியே.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கட்டிலில் கிடந்தது வேறு யாரோ. முகம் உப்பி, கண் சிவந்து, மூக்கடைத்து, கால்கள் மட்டும் வற்றியிருந்தன.

"தலை வெடிச்சிரும் போல இருக்குங்க. அடுத்த கப்பல்ல என்னைய ஊருக்கு அனுப்பிருங்க. செத்தாலும் அங்கயே சாகுறேன்" என்றாள். நான் டாக்டரைத் தேடி ஓடினேன்.

கூட்டிவந்த வங்காளி டாக்டர் நாடியைக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தே அலறினார். "அரே! ஈட் நிகாலோ, ஜல்தி!"

நானும், சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணாச்சியும் செங்கலை உருவினோம். அதற்குள் டாக்டர் இந்தியில் பொரிந்து தள்ளினார். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு அங்கே எடை கிடையாதாம். ரத்தம் காலுக்கு இறங்காமல் தலைக்கே ஏறி நிற்குமாம். மூளை கனத்து, முகம் வீங்குமாம். அதைப் பூமியிலேயே சோதிக்க, தலைமாட்டைத் தாழ்த்திய கட்டிலில் நாள்கணக்காக ஆட்களைப் படுக்கவைக்கிறார்களாம். "அங்கே பக்கத்தில் டாக்டரை வைத்துக்கொண்டு செய்வதை, நீ பெண்டாட்டிக்குச் செய்திருக்கிறாயே!"

"வானத்துல போறவனுக்கும் நம்ம கட்டிலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் சரோஜாவின் முகத்தைக் காட்டினார். அண்ணாச்சி கையில் செங்கல்லோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு அன்பாக, எத்தனை பேரை இப்படிக் கவிழ்த்திருக்கிறோம்!

இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. ஆனாலும் கப்பல் புறப்படும் நாளன்று டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன முகம் இருந்தது?

"ஏங்க, அந்த வானத்துல இருக்கவங்க இறங்கினா என்ன ஆகும்?" என்று திடீரென்று கேட்டாள்.

"ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கித் தலை சுத்துமாம். கொஞ்ச நாள் நடக்கவே தடுமாறுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு."

"அவங்க சொந்தத் தரையிலயா?"

"ஆமா."

பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஊருல இறங்கினாலும் தரை ஆடும்" என்றாள்.

கப்பல்துறைப் பக்கம் சங்கு ஊதியது. எழுந்து வாசலுக்குப் போனாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். கப்பல் போய் மறைந்த பிறகும் அந்தப் பிடியை விடவில்லை.